முழங்கால் மடங்க வேண்டும்

தரையில் இலை போட்டுப் பரிமாறும் கல்யாண வீடுகளில் ஒரு காட்சியை நேயர்கள் கண்டிருக்கலாம். எல்லோரும் சப்பணம் கூட்டிப் பந்தியில் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் கூடத்தின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை விறைப்பாக முன்னால் நீட்டிக்கொண்டு, ஸ்டூலின்மேல் இலையை வைத்துச் சாப்பிட்டுக் கொண்டிருப்பார். வயது நாற்பதுகூட இராது. "வாத நோயோ?" என்று பக்கத்தில் யாராவது விசாரித்தால், "அதெல்லாம் இல்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கால்தான் மடங்கவில்லை" என்பார்.

எலும்பு கூடிவிட்டது, கால் மடங்கவில்லை! முழங்கால் முறிவு சிகிச்சையின் முழுக் கஷ்டமும் இந்த இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது. தொடையின் நடுவில் எலும்பு முறிந்தால் அது ஒன்று சேர்வதே வெற்றி. முழங்காலிலோ, எலும்பு சேர்வது பாதி வெற்றிதான். மூட்டு மடங்கினால்தான் மீதிப் பாதியும் கைகூடும்.

சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறக்குறைய அறுபது, எழுபது டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்கத் தொண்ணூறு டிகிரிக்குமேல் மடங்க வேண்டும். குந்தி உட்காருவதற்கோ நூற்றிருபதையும் தாண்ட வேண்டும். நாற்காலியும் மேஜையுமாக வாழ்கிறவர்கள் தொண்ணூறு டிகிரியோடு காலம் தள்ளிவிடலாம். நாற்று நடுகிறவள், தறிக்குழியில் காலை வைத்து நெய்கிறவர், பானை வனைகிறவர், பூஜையில் அமர்கிறவர் இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? நமது தேசத்தில் முழங்கால் என்பது வெறும் நடைக்கருவியல்ல, பிழைப்புக் கருவியுங்கூட.

முழங்கால் மூட்டின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். மேலிருந்து வரும் தொடை எலும்பின் முனை இரண்டு உருண்டைகளாகப் பருத்திருக்கிறது. கீழேயுள்ள கணைக்கால் எலும்பின் தலைப்பு, திண்ணையைப் போல் தட்டையாக இருக்கிறது. இந்தத் திண்ணையின்மேல் அந்த உருண்டைகள் உருளுகின்றன. இரண்டுக்கும் மத்தியில் வழவழப்பான குருத்தெலும்பும், பிறை வடிவமான இரண்டு மெத்தைகளும் இருக்கின்றன. முன்புறம் காவலாக முழங்கால் சில்லு நிற்கிறது. பின்புறம், எலும்பை ஒட்டினாற்போல், பாதம் வரையில் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் இறங்குகிறது. மூட்டின் முன்புறத்திலும் உட்புறத்திலும் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை மிகக் குறைவு. இந்தக் கடைசி விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் திருப்பமே அதில்தான் இருக்கிறது.

மேலிருந்து வரும் உருண்டை சம்மட்டிபோல் இறங்கும்போது திண்ணை பிளக்கிறது. அல்லது மேல்தளம் பள்ளமாக உள்ளே அமுங்கிப் போகிறது. அல்லது இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன. மரத்திலிருந்து விழுகிறவர்களுக்கும், சாரத்திலிருந்து விழும் கொத்தனார்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு இந்த முறிவும் பெருகிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்களான காட்டன், பெர்க் என்பவர்கள், வண்டியின் முன்தடுப்பு தெருவில் நடப்பவரின் முழங்காலில் மோதுவதால் உண்டாகும் முறிவு என்றே இதை 1929-ம் வருஷத்தில் வர்ணித்தார்கள். நம் தேசத்தில் 2022-ம் வருஷத்தில் மட்டும் 4,61,312 சாலை விபத்துக்கள் நடந்ததாகவும், 1,68,491 பேர் மாண்டதாகவும், 4,43,366 பேர் காயமடைந்ததாகவும் சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. மாண்டவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்குமேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். வண்டி ஓட்டுகிறவருக்குத் தலையைக் காக்கத் தலைக்கவசம் உண்டு. முழங்காலைக் காக்க என்ன இருக்கிறது?

கானடா தேசத்து டொராண்டோ நகரில் ஜோஸப் ஷாட்ஸ்கர் என்னும் ரண சிகிச்சை நிபுணர், திண்ணை முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்து 1979-ல் எழுதினார். முதல் மூன்று வகைகள் வெளிப்புறத் திண்ணையைச் சேர்ந்தவை. நாலாவது, உட்புறத் திண்ணை முறிவது. ஐந்தாவதில் இரண்டு புறமும் பிளந்துவிடுகின்றன. ஆறாவதில் திண்ணை முழுவதுமே எலும்பின் தண்டிலிருந்து கழன்றுவிடுகிறது. எண் ஏற ஏற, பொதுவாக, அடியின் வேகமும் ஆபத்தும் ஏறுகின்றன. இன்றளவும் டாக்டர்கள் நோயாளியின் படத்தைப் பார்த்து, "இது ஐந்து", "இது ஆறு" என்று பேசிக்கொள்வது இந்தக் கணக்குப்படிதான்.

* * *

நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் இந்த மூட்டைக் கத்தியால் திறப்பதென்றால் ரண வைத்தியர்கள் நடுங்கினார்கள். அதில் நியாயமும் இருந்தது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் கால் போகும். பல சமயங்களில் உயிரும் போகும். ஆகவே, சில்லு இரண்டாக உடைந்தாலும் தோல் கிழியாதவரையில் அதைத் தொடாமல் கட்டிப்போட்டுவிடுவார்கள். 1877-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஜோஸப் லிஸ்டர் ஒரு காரியம் செய்தார். தோல் கிழியாத முழங்கால் ஒன்றைத் தாமே கத்தியால் திறந்து, உடைந்த சில்லின் இரண்டு துண்டுகளையும் வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு கிருமிகளை ஒழிக்கும் தமது முறையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! மற்ற வைத்தியர்கள் பதறினார்கள். காயமோ சீழ் பிடிக்காமல் ஆறிற்று. மூட்டைத் திறக்கலாம் என்ற தைரியம் உலகத்துக்கு உண்டானதில் அந்த முழங்காலுக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் திண்ணை முறிவுகளுக்கு வெகு காலம் வரையில் மாவுக் கட்டும் படுக்கையுமே கதியாக இருந்தன. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் நோயாளியைப் படுக்க வைப்பார்கள். கட்டைப் பிரிக்கும்போது எலும்பு சேர்ந்திருக்கும். தொடைச் சதை வற்றியிருக்கும். மூட்டுக்குள் நார் நாராகப் பற்றிக்கொண்டிருக்கும். முழங்கால் பலகைபோல் நிற்கும். சிகிச்சையே புதிய வியாதியைக் கொடுத்த கதை அது.

மூட்டுக்கு ஓய்வு நல்லதா, அசைவு நல்லதா? டொராண்டோவில் ராபர்ட் ஸால்ட்டர் என்பவர் முயல்களை வைத்து இதைச் சோதித்தார். முயல்களின் முழங்கால் குருத்தெலும்பில் சிறு துளைகள் போட்டு, சிலவற்றுக்குக் கட்டுப் போட்டார். சிலவற்றைக் கூண்டில் இஷ்டம்போல் விட்டுவிட்டார். மற்றவற்றின் முழங்காலை யந்திரத்தின் உதவியால் ஓயாமல் மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் செய்தார். 1980-ல் அவர் வெளியிட்ட முடிவு தெளிவானது. ஓயாமல் அசைந்த மூட்டுக்களில் குருத்தெலும்பு மற்றவற்றைவிட மிக நன்றாக ஆறியிருந்தது. மூட்டுக்கு அசைவே ஆகாரம் என்று சொல்லலாம்.

ஆனால் உடைந்த மூட்டை எப்படி அசைப்பது? துண்டுகள் நழுவிவிடாவா? இதற்குப் பதிலைத் தேடியவர்களில் முக்கியமானவர்கள் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரண வைத்தியர்கள் பதின்மூன்று பேர். மாரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர், ஹான்ஸ் வில்லனெக்கர் முதலிய அவர்கள், 1958-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பியல் நகரத்தில் கூடிச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். ராபர்ட் மாதிஸ் என்ற யந்திர நிபுணர் அவர்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தார். மூட்டுக்குள் உடைந்ததை மயிரிழை பிசகாமல் சமமாகச் சேர்க்க வேண்டும்; தகடும் திருகாணியும் கொண்டு அசையாமல் பிடிக்க வேண்டும்; அப்படிப் பிடித்த பிறகு மூட்டைச் சீக்கிரமாக அசைக்க வேண்டும். சுருங்கச் சொன்னால் அவர்கள் உபதேசம் இதுதான். அசைவதற்காகவே அசையாமல் பிடிப்பது! கேட்பதற்கு முரண்போல் இருந்தாலும், முழங்கால் சிகிச்சையின் சூட்சுமம் அதுவே.

* * *

சூட்சுமம் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்ததா? இல்லை. ஐந்தாவது, ஆறாவது வகை முறிவுகளில், விபத்து நடந்தவுடனேயே முன்புறத்தில் நீளமாகக் கீறி, எலும்பின் இரு பக்கங்களிலும் தகடு வைத்தவர்கள் உண்டு. எக்ஸ்ரே படம் வெகு அழகாக இருந்தது. பத்து நாளில் காயத்தின் விளிம்பு கறுத்தது, தையல் விட்டது, உள்ளேயிருந்த தகடு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு சீழ், மறுபடி கத்தி, சில பேருக்குக் காலே போயிற்று. எலும்பைப் பார்த்தவர்கள் தோலைப் பார்க்க மறந்ததன் பலன் அது. அடிபட்டு வீங்கிய மெல்லிய தோல், கத்தியின் இரண்டாவது அடியையும் தாங்க மாட்டாது.

இந்தப் பாடத்தைக் கற்ற பிறகு டாக்டர்கள் சிகிச்சையை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு புகாருக்கும் விடை இதில் இருக்கிறது. "வந்து ஒரு வாரம் ஆகிறது, ஸார்! காலில் இரும்புக் கம்பிகளைக் குத்திச் சட்டம் மாட்டியதோடு சரி. ஆபரேஷன் செய்யாமல் போட்டு வைத்திருக்கிறார்கள்!" என்று உறவினர் கொதிக்கிறார்கள். அவர்கள் கோபம் நமக்குப் புரிகிறது. வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்திருக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு வருஷம்தான். ஆனால் அந்தச் சட்டம் அலட்சியத்தின் அடையாளமல்ல. முழங்காலைத் தாண்டி மேலும் கீழும் ஊசிகளைப் பொருத்தி, வெளியிலிருந்து எலும்பின் நீளத்தைக் காத்து, வீக்கம் வடிய வழி செய்து கொடுப்பது அது. பத்து நாளோ, பதினைந்து நாளோ கழித்து, பளபளவென்று விம்மியிருந்த தோலில் மெல்லிய சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்துக்காகத்தான் டாக்டர் தினந்தோறும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். தோல் உத்தரவு கொடுத்த பிறகே கத்தி வர வேண்டும்.

காத்திருப்பதற்குக் கைமேல் பலனும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து டாக்டர்கள், முன்புறத்தில் ஒரே கீறலாகப் போடாமல் வெளிப்புறம் ஒன்றும் உட்புறம் ஒன்றுமாக இரண்டு கீறல்கள் போட்டு, பெரும்பாலும் வீக்கம் வடிந்தபின் செய்த சிகிச்சையின் கணக்கை 2004-ல் வெளியிட்டார்கள். இரு புறமும் உடைந்த 83 முறிவுகளில் 7-ல் மட்டுமே ஆழமாகச் சீழ் பிடித்தது. அதுவும் சிறிய துன்பமல்லதான். ஆனால் முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றுக்கும் காத்திருக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எலும்புக்குப் பொறுக்கலாம், ரத்தத்துக்குப் பொறுக்கலாகாது. பின்புறத்துக் குழாய் அறுந்தோ நசுங்கியோ பாதம் சில்லிட்டுப் போனால், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் கால் பிழைப்பது அரிது. மற்றோர் அபாயமும் உண்டு. முழங்காலுக்குக் கீழேயுள்ள சதைகள் நான்கு இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே ரத்தம் கட்டி வீங்கினால் உறை விரிந்து கொடுக்காது; சதை மூச்சுத் திணறிச் சாகும். காயத்துக்கு மிஞ்சிய வலி, கால் விரலை மெதுவாக நிமிர்த்தினாலே அலறும்படியான வலி, இவை அதன் அறிகுறிகள். அப்போது உறைகளை உடனே கீறித் திறந்துவிட வேண்டும். அர்த்தராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவையும் தாமதமின்றிக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். எதில் அவசரம், எதில் நிதானம் என்று பிரித்தறிவதுதான் நல்ல ரண வைத்தியரின் லட்சணம்.

காத்திருக்கும் நாட்களும் வீண் போவதில்லை. ஸி.டி. ஸ்கான் என்னும் யந்திரம் மூட்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதுபோல் படம் எடுத்துக் காட்டுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும் முறிவுகள் இதில் அகப்பட்டுக்கொள்ளும். தொடை எலும்பின் உருண்டை முன்பின்னாகப் பிளக்கும் முறிவு அப்படிப்பட்டது. ஜெர்மன் டாக்டர் ஆல்பர்ட் ஹோபாவின் பெயரால் அது வழங்குகிறது. 2010-ல் ஷாங்காய் நகரத்து டாக்டர் லுவோவும் அவருடைய கூட்டத்தாரும், திண்ணையை உட்புறம், வெளிப்புறம், பின்புறம் என்று மூன்று தூண்களாகப் பார்க்க வேண்டுமென்றும், எந்தத் தூண் சாய்ந்ததோ அதைத் தாங்க வேண்டுமென்றும் எழுதினார்கள். முன்னாலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பெரிய உதவியாயிற்று.

ஆபரேஷனின்போது நடப்பதைக் கேட்டால், நம் ஊர்த் தச்சரும் கொத்தனாரும் தலையசைப்பார்கள். அமுங்கிய தளத்தை மேலிருந்து நெம்ப முடியாது. ஆகவே, கீழே எலும்பில் சிறு ஜன்னல் வெட்டி, அதன் வழியாகக் கருவியை நுழைத்து, பள்ளமான இடத்தை மெல்ல மெல்ல மேலே தட்டி உயர்த்துகிறார்கள். உயர்த்தியதும் அடியில் வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்பாவிட்டால் தளம் மறுபடியும் இறங்கிவிடும். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டியெடுத்த எலும்பையோ, அதற்குப் பதிலான வேறு பொருளையோ அங்கே அடைக்கிறார்கள். பிறகு பக்கத்தில் தகடு வைத்து, தளத்துக்கு அடியில் உத்தரக் கட்டைகளைப்போல் திருகாணிகளை வரிசையாகச் செலுத்துகிறார்கள். இந்தத் தகடுகளும் திருகாணிகளும் ஒரு காலத்தில் அந்நிய நாடுகளிலிருந்தே வந்தன. இப்போது நம் தேசத்துத் தொழிற்சாலைகளிலும் செய்யப்படுகின்றன என்பது நமக்குத் திருப்தியளிக்கும் விஷயம்.

தகடு வைக்கவே முடியாதபடி தோல் கெட்டுப்போனவர்களுக்கும் வழி இருக்கிறது. ருஷ்யாவில், ஸைபீரியாவின் ஓரத்திலுள்ள குர்கான் நகரத்தில், காவ்ரில் இலிஸாரோவ் என்ற டாக்டர் 1950-க்குப் பிற்பட்ட வருஷங்களில் வளர்த்த முறை அது. மெல்லிய கம்பிகளை எலும்பினூடே குறுக்காகச் செலுத்தி, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் முறுக்கேற்றி, வெளியே வட்டமான வளையங்களில் பிணைத்துவிடுகிறார்கள். பெரிய கீறல் வேண்டாம். கால் கூண்டுக்குள் இருந்தாலும் முழங்காலை அசைக்கலாம்.

திறந்த காயத்தோடு நொறுங்கிப்போன காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா? ரண வைத்தியத்தில் இதைவிடக் கொடிய கேள்வி இல்லை. இதற்கு உதவி செய்யும் கணக்கு ஒன்று நமது கோயமுத்தூரிலிருந்தே உலகத்துக்குக் கிடைத்திருக்கிறது. அங்குள்ள கங்கா ஆஸ்பத்திரி டாக்டர்கள், ராஜசேகரன் தலைமையில், 2006-ல் அதை வெளியிட்டார்கள். பெரிய ரத்தக் குழாய் கெடாத கணைக்கால் முறிவுகளில், தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்குத் தனித்தனியாக எண் கொடுத்து, நோயாளிக்குள்ள மற்றக் குறைகளையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். மொத்தம் பதினாலோ அதற்குக் கீழோ இருந்தால் காலைக் காக்க முயல வேண்டும். பதினேழும் அதற்கு மேலும் ஆனால் எடுத்துவிடுவதே பெரும்பாலும் நோயாளிக்கு நன்மை. நடுவிலுள்ளவற்றில் அநுபவமே வழிகாட்டி. மேல்நாட்டார் போட்ட கணக்குகளை நாம் படித்துக்கொண்டிருந்த காலம் போய், நாம் போட்ட கணக்கை அவர்கள் படிக்கிறார்கள்!

* * *

"இவ்வளவும் எதற்கு? நாட்டுக் கட்டுப் போட்டால் போதாதோ?" என்று கேட்பவர்கள் உண்டு. கேலி செய்து ஒதுக்கக்கூடிய கேள்வியல்ல இது. பரம்பரையாக எலும்பு கட்டுகிறவர்களிடம் ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது; செலவும் குறைவு. சாதாரண முறிவுகள் எத்தனையோ அங்கே குணமாகியும் இருக்கின்றன. மேல்நாட்டு எலும்பு வைத்தியத்தின் பிதாக்களில் ஒருவரான லிவர்பூல் நகரத்து ஹ்யூ ஓவன் தாமஸும் எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவரே. அவருடைய தகப்பனார் தம் பிள்ளைகளை வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பினார். பரம்பரைக் கைத்திறனும் புதிய படிப்பும் அந்த வீட்டில் ஒன்று சேர்ந்தன.

ஆனால் மூட்டுக்குள் பள்ளமான தளத்தை எந்தக் கட்டும் மேலே தூக்காது. வீங்குகிற காலின்மேல் மூங்கில் தப்பையை வைத்து இறுக்கிக் கட்டினால், முன் சொன்னபடி உறைக்குள் சதை மூச்சுத் திணறிச் சாகும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, கால் கறுத்து ஆஸ்பத்திரிக்கு வரும் பரிதாபம் இன்னும் ஓயவில்லை. இது மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. கட்டுத் தளர்ந்தால் மூட்டு நிலைக்காது, இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும் என்று சுசுருதர் தமது சம்ஹிதையில் எச்சரித்திருக்கிறார். குளிர் காலத்தில் ஏழு நாளைக்கு ஒரு தரமும், வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு தரமும் கட்டை அவிழ்த்து மாற்றச் சொல்லியிருக்கிறார். உள்ளங்கை முறிந்து ஆறினவன் முதலில் மண்ணுருண்டையையும், பிறகு உப்புக் கட்டியையும், பலம் வந்தபின் கல்லையும் பிடித்துப் பழக வேண்டுமென்றும் விதித்திருக்கிறார். படிப்படியாக அசைக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்? முன்னோர் பெருமையை மேடையில் பேசுகிறோம். அவர்கள் சொன்ன ஜாக்கிரதையைக் காலில் கட்டும்போது மறந்துவிடுகிறோம்.

ஆகவே, முழங்காலில் பலமாக அடிபட்டவரைக் கண்டால் நாம் செய்ய வேண்டியது சொற்பந்தான். காலை உருவிவிடவோ இழுக்கவோ கூடாது. கிடக்கிற நிலையிலேயே இரு பக்கமும் தலையணையோ பலகையோ வைத்து, இறுக்காமல் தாங்கிக் கட்டி, 108-க்குச் சொல்லியனுப்பி, எலும்பு சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாதம் சூடாக இருக்கிறதா, விரல் அசைகிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பணத்துக்கு என்ன செய்வது என்ற கவலையில் நாட்டுக் கட்டை நாடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. விபத்து நடந்த முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்தின் சிகிச்சைச் செலவை ஏற்பதற்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்தது.

ஆபரேஷன் முடிந்த பிறகு வீட்டாரின் வேலை தொடங்குகிறது. பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ முழங்காலை மடக்கச் சொல்வார்கள். ஆனால் காலை ஊன்றச் சொல்ல மாட்டார்கள். எலும்பு பாரம் தாங்கும்வரையில், ஒன்றரை மாதமோ மூன்று மாதமோ, ஊன்றுகோல்தான். "அசைக்க வேண்டும், ஊன்றக் கூடாது" என்ற இந்த இரண்டு கட்டளைகளையும் பல வீடுகளில் தலைகீழாக மாற்றிவிடுகிறார்கள். வலிக்கிறதே என்று தாயாரும் மனைவியும் இரக்கப்பட்டு, தலையணை வைத்துக் காலை அசையாமல் படுக்க வைக்கிறார்கள். பிறகு பொறுமையிழந்து மூன்றாம் வாரத்திலேயே நடக்க விடுகிறார்கள். டாக்டர் சேர்த்ததைப் பாசம் பிரித்துவிடுகிறது. அந்த நாட்களில் காப்பியைக் கையில் கொடுப்பதைவிட, "இன்று எத்தனை தரம் மடக்கினாய்?" என்று கேட்பதே மேலான பணிவிடை.

எவ்வளவு செய்தாலும் எல்லா முழங்காலும் பழையபடி ஆகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. நொறுங்கிய குருத்தெலும்பு சில பேருக்குப் பிற்காலத்தில் தேய்ந்து நோகும். சிலருக்குச் செயற்கை மூட்டும் வேண்டியிருக்கலாம். ஆனால் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு தனியே சாப்பிடும் அந்த மனிதரைப் போன்றவர்களில் பலர் பந்தியில் உட்கார்ந்திருக்கக் கூடியவர்கள் என்பது நிச்சயம். முதல் நாள் இறுக்கிக் கட்டாமல் இருந்தால், இரண்டாவது வாரம் வரை தோலுக்காகக் காத்திருந்தால், அதன் பிறகு ஒரு நாள்கூடச் சும்மா இராமல் மடக்கியிருந்தால், அடுத்த கல்யாணத்தில் அவருக்கும் தரையிலேயே இலை போட்டிருப்பார்கள்.